கில்கென்னியில் ஒரு நாள்

அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதியில், நோர் என்னும் ஆற்றின் கரையில், கில்கென்னி என்னும் பழைய நகரம் இருக்கிறது. தலைநகராகிய டப்ளினில் இரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கலாம். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கு வாழ்வோர் சுமார் 27,000 பேர். நம் நாட்டில் ஒரு சிறிய நகராட்சியில் இதைவிட மிகுதியான மக்கள் இருப்பர். ஆயினும் அயர்லாந்து முழுமைக்கும் சட்டம் வகுத்த மன்றங்கள் அவ்வூரில் கூடியிருக்கின்றன. அங்குள்ள ஒரு மடத்தில் அமர்ந்து ஒரு துறவி எழுதிய குறிப்பை, ஐரோப்பாவின் பெரும் கொள்ளைநோயைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் பலர் இன்றும் எடுத்துக் காட்டுகின்றனர். அயர்லாந்து மொழியில் 'கில்' என்றால் கோயில். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேனிஸ் என்னும் அடியாரின் கோயில் இருந்த இடமாதலால் கில்கென்னி என்று பெயர் வந்தது.

என் கல்லூரித் தோழர் ஒருவர் டப்ளினில் மருத்துவராகப் பணியாற்றுகிறார். நான் அங்குச் சென்றிருந்தபோது ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னுடன் கில்கென்னிக்கு வந்தார். புறப்படும்போதே, "வரலாறு உன் பொறுப்பு, தேநீர் என் பொறுப்பு, ஓட்டமும் நடையுமாக இழுத்துச் செல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கோடைக் காலத்தில் அந்நாட்டில் இரவு ஒன்பதரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஆகையால் அவர் விதித்த நிபந்தனைக்கு இணங்குவதில் எனக்குத் தடை ஒன்றும் இல்லை.

முதலில் கோட்டைக்குச் சென்றோம். அயர்லாந்து வரலாற்றில் 1169-ஆம் ஆண்டு மறக்க இயலாத ஆண்டு. லென்ஸ்டர் நாட்டு மன்னர் டெர்மட் மக்மரோ, இழந்த அரசை மீட்பதற்காக நார்மானிய வீரர்களைத் துணைக்கு அழைத்தார். அவர்கள் வந்தார்கள், வென்றார்கள், திரும்பிச் செல்லவில்லை. அவர்களுள் தலைவராகிய 'ஸ்ட்ராங்போ' என்னும் பிரபு, மன்னரின் மகளை மணந்து நாட்டுக்கும் உரியவரானார். அவருடைய மகளை மணந்த வில்லியம் மார்ஷல் என்பவரே பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றங்கரை மேட்டில் இக்கற்கோட்டையைக் கட்டியவர். நான்கு மூலைகளிலும் நான்கு வட்டக் கொத்தளங்கள் இருந்தன. இப்போது நிற்பவை மூன்று. நான்காவது பக்கம் மதிலின்றித் திறந்து கிடக்கிறது. அதனால் கோட்டைக்குரிய கடுமை குறைந்து, கைகளை விரித்து நம்மை வரவேற்பது போன்ற தோற்றம் அமைந்துவிட்டது.

1391-இல் பட்லர் குடும்பத்தார் இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அவர்கள் கையில் இருந்தது. 1935-இல் அவர்கள் அதை விட்டு வெளியேறினர்; உள்ளிருந்த பொருள்கள் ஏலத்தில் போயின. பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த கோட்டையை 1967-இல் ஊர்க் குழு ஒன்றுக்கு அக்குடும்பத்தார் கொடுத்தபோது பெற்ற விலை 50 பவுன். இதைக் கேட்டதும் நண்பர், "டப்ளினில் நான் கொடுக்கும் ஒரு நாள் வாடகைகூட அதைவிட அதிகம் அப்பா!" என்றார். ஐம்பது பவுனுக்கு வாங்கியது எளிது. ஒழுகும் கூரையைச் செப்பனிட ஆகும் செலவை அரசு ஏற்றுக்கொண்டதனால்தான் கோட்டை பிழைத்தது. நீண்ட ஓவியக் கூடமும், அதன் வண்ணம் தீட்டிய மரக்கூரையும் காணத்தக்கவை. அவை பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலைப்பாடு. ஓவியங்களிலே உள்ள பிரபுக்களின் முகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. செல்வர் வீட்டுப் படங்கள் எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

கோட்டைக்கு முன்னால் ரோஜாத் தோட்டத்தில் ஒரு பலகையில் அமர்ந்தோம். அங்கேதான் நண்பருக்கு 1366-ஆம் ஆண்டுச் சட்டங்களின் கதையைச் சொன்னேன். 'கில்கென்னிச் சட்டங்கள்' என்று வரலாற்றில் பெயர் பெற்றவை அவை. மாணவர்கள் இதைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும்.

நார்மானியர் வந்து குடியேறி இருநூறு ஆண்டுகள் ஆயின. வென்றவர்களின் பேரப்பிள்ளைகள் மெல்ல மெல்லத் தோற்றவர்களைப் போல ஆகிவிட்டனர். அயர்லாந்துப் பெண்களை மணந்தனர். தம் குழந்தைகளை அயர்லாந்துக் குடும்பங்களில் வளர விட்டனர். நம் பழைய இலக்கியங்களில் வரும் செவிலித் தாயின் உறவு எத்துணை நெருக்கமானது என்பதை நாம் அறிவோம். அத்தகைய உறவே அந்நாட்டிலும் இருந்தது. செவிலியின் பாலோடு மொழியும் உட்சென்றது. அக்குழந்தைகள் வளர்ந்தபோது அயர்லாந்து மொழியில் பேசினர். அந்நாட்டுப் பாணரின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தனர். 'பிரெகன்' எனப்படும் நீதியறிஞர்களின் பழஞ்சட்டப்படி வழக்குத் தீர்த்துக்கொண்டனர். சேணமின்றிக் குதிரை ஏறினர். இலண்டனிலிருந்து பார்த்த அரசுக்கு இது பேராபத்தாகத் தோன்றியது. மூன்றாம் எட்வர்டு மன்னரின் மகனாகிய லயனல் என்னும் கிளாரன்ஸ் கோமகன் கில்கென்னியில் மன்றத்தைக் கூட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட விதிகளை இயற்றினார். அயர்லாந்தியரோடு மணவுறவு கூடாது. செவிலி உறவு கூடாது. அவர்கள் பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. அவர்களைப் போல உடுக்கக் கூடாது. பாணரையும் புலவரையும் வீட்டில் சேர்க்கக் கூடாது. அயர்லாந்து மொழியில் பேசுவோரின் நிலம் பறிக்கப்படும். ஆங்கிலத்தையே வழங்குவேன் என்று பிணை கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

அயர்லாந்தியரை ஒடுக்குவதற்காகவே இச்சட்டங்கள் எழுந்தன என்று பொதுவாகச் சொல்லிவிடுவதுண்டு. விதிகளைப் படித்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் ஆங்கிலக் குடிகளையே கட்டுப்படுத்துவன என்பது விளங்கும். வென்றவன் தன் பிள்ளைகளைக் கண்டு அஞ்சிய அச்சம் அது. "சட்டத்தை எந்த மொழியில் எழுதினார்கள்? ஆங்கிலத்திலா?" என்று நண்பர் கேட்டார். இல்லை, நார்மானியப் பிரெஞ்சு மொழியில் எழுதினார்கள்! ஆங்கிலம் பேசு என்று ஆணையிட்டவர்களின் அரசவைக்கே ஆங்கிலம் இன்னும் ஏற்றதாகவில்லை. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சட்டம் வந்த மறு ஆண்டாகிய 1367-இல் அயர்லாந்தில் மன்னரின் பேராளராக அமர்ந்தவர் டெஸ்மண்டு பிரபுவாகிய ஜெரால்டு. அவர் நார்மானியக் குலத்தவர். அவர் அயர்லாந்து மொழியில் கவிதை இயற்றிய புலவருமாவார். அவருடைய பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன. சட்டத்தைக் காக்க வேண்டியவரே சட்டத்தை மீறிப் பாட்டெழுதிக் கொண்டிருந்தார் என்றால், மற்றவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கோட்டையிலிருந்து வடக்கே செல்லும் நெடுந்தெருவில் நடந்தோம். 1761-இல் கட்டிய நகர மன்றம் தெருவை நோக்கித் தூண்களுடன் நிற்கிறது; தூண்களின் நிழலில் யாரோ ஒருவர் யாழ் போன்ற கருவி ஒன்றை மீட்டிக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து பிரியும் மிகக் குறுகிய சந்துகளை அவ்வூரார் தனிப் பெயரிட்டு வழங்குகின்றனர். அவற்றுள் ஒன்று 'வெண்ணெய்ச் சந்து'. 1616-இல் அமைந்தது. வெண்ணெய் விற்போர் அங்கே கடை பரப்பினர். வெயில் புகாத இடம் வெண்ணெய்க்கு ஏற்றது என்று அறிந்து வைத்திருக்கிறார்கள். ஊரைச் சுற்றி வெட்டி எடுக்கும் கருங்கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. மெருகிட்டால் பளிங்கு போல் மின்னும். உற்று நோக்கினால் பண்டைக் கடலில் வாழ்ந்த உயிர்களின் சுவடுகள் அதிலே வெண்மையாகத் தெரியும்.

பகலுணவுக்கு நண்பர் தேர்ந்த இடம் கைட்டலர் விடுதி. அவர் அதன் ரொட்டிக்காகத் தேர்ந்தார்; நான் அதன் பெயருக்காக இசைந்தேன். பதினான்காம் நூற்றாண்டில் அவ்வூரில் ஆலிஸ் கைட்டலர் என்னும் செல்வச் சீமாட்டி வாழ்ந்தாள். கடன் கொடுத்து வட்டி வாங்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். நான்கு முறை மணந்தவள். நான்காம் கணவர் நோயுற்றபோது, முந்தைய கணவர்களின் பிள்ளைகள், அவள் சூனியக்காரி என்றும், தங்கள் தந்தையரை மயக்கிச் சொத்தையெல்லாம் தன் மூத்த மகன் வில்லியம் அவுட்லாவுக்கு எழுதி வாங்கினாள் என்றும் முறையிட்டனர். முறையீட்டை விரும்பி ஏற்றவர் ஆயர் ரிச்சர்டு லெட்ரீடு. 1317-இல் ஆயராக நியமனம் பெற்று வந்த ஆங்கிலேயத் துறவி அவர். ஆலிஸின் சுற்றம் எளிதானதன்று. அவளுக்கு வேண்டிய அதிகாரி ஒருவர் ஆயரையே பிடித்து 17 நாள் சிறையில் அடைத்துவிட்டார்! ஆயினும் ஆயர் விடவில்லை. முடிவில் 1324-இல் தீர்ப்பு வந்தபோது ஆலிஸ் கடல் கடந்து தப்பிவிட்டாள். மகன் வில்லியம் மன்னிப்புக் கேட்டு, பேராலயத்தின் கூரைக்கு ஈயத் தகடு வேய்ந்து தருவதாக ஒப்புக்கொண்டு விடுதலை பெற்றான்.

அகப்பட்டவள் பெட்ரோனில்லா. ஆலிஸின் பணிப்பெண். அவளைக் கசையால் அடித்தனர்; பல முறை அடித்தனர். அடி பொறுக்காமல், கேட்டதற்கெல்லாம் ஆம் என்றாள். 1324-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் கில்கென்னியில் மக்கள் திரளின் முன்னே அவளை உயிரோடு எரித்தனர். சூனியக் குற்றத்துக்காக அயர்லாந்தில் எரியுண்டவர்களுள் வரலாறு அறிந்த முதற்பெயர் அவளுடையது. அவளுக்கு பசிலியா என்று ஒரு மகள் இருந்தாள். அவள் எசமானியோடு தப்பிச் சென்றாள் என்பர். தாய் மட்டும் எஞ்சினாள்.

இந்த வழக்கைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் எங்கிருந்து கிடைக்கின்றன என்று மாணவர்கள் கேட்க வேண்டும். வழக்கை விரிவாக எழுதி வைத்தவர் ஆயரின் தரப்பினர். ஆயரே எழுதியிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். பெட்ரோனில்லாவின் வாய்மொழி என்று நாம் படிப்பது, அவளை அடித்தவர்கள் எழுதிக்கொண்ட வாய்மொழி. இதே ஆயர் தம் கீழ் இருந்த குருமார் உலகியற் பாட்டுகளைப் பாடி நாவை மாசுபடுத்தாமல் இருக்க வேண்டும் என்று இலத்தீனில் 60 பக்திப் பாடல்களை இயற்றிக் கொடுத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மருத்துவமனையிலும் இப்படித்தான் பார்க்கிறேன். ஏதாவது தவறு நடந்தால் கடைசியில் நிற்பவள் கடைநிலைப் பணிப்பெண்தான்" என்றார். விடுதியில் ஆலிஸின் பெயரை எல்லா இடத்திலும் காணலாம். பணிப்பெண்ணின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உண்டபின் மெல்ல நடந்து ரோத் மாளிகைக்குச் சென்றோம். 1594-இல் ஜான் ரோத் என்னும் வணிகர் கட்டிய வீடு. பிள்ளைகள் பெருகப் பெருக, முற்றம் விட்டு முற்றம் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வீடுகள் கட்டினார். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து கட்டுக் கட்டாக உள்ளே செல்வது போலச் செல்லலாம். பின்புறம் பழைய முறைப்படியே காய்கறியும் கனிமரமும் வளர்த்திருக்கிறார்கள். நண்பருக்குக் கோட்டையைவிட இந்தக் கொல்லையே பிடித்திருந்தது.

எனக்கு அவ்வீடு வேறொரு காரணத்தால் பெருமையுடையதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழியும் நிலையிலிருந்த அயர்லாந்து மொழியை மீட்கப் பாடுபட்ட கேலிக் கழகத்தார் அங்கே கூடினர். 1901 முதல் 1903 வரை கில்கென்னியில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்த தாமஸ் மக்டொனா என்னும் இளைஞர் இவ்வூரில்தான் கழகத்தில் சேர்ந்து அம்மொழியில் ஆழ்ந்தார். கவிஞர், ஆராய்ச்சியாளர். 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர் கிளர்ச்சியின்போது குடியரசு அறிக்கையில் கையெழுத்திட்ட எழுவருள் ஒருவர். அவ்வாண்டு மே 3-ஆம் நாள் ஆங்கில அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. கில்கென்னி இரயில் நிலையம் 1966 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அயர்லாந்து மொழியைத் தடுத்த சட்டம் பிறந்த ஊரின் வாயிலில், அம்மொழிக்கு உழைத்தவரின் பெயர்!

ஆனால் சட்டம் தோற்றது, மொழி வென்றது என்று கதையை முடித்துவிட்டால் அது உண்மையாகாது. சட்டத்தால் அழியாத மொழி பிற்காலத்தில் வேறு வழியால் தேய்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அம்மொழியைப் போற்றிய பிரபுக்களின் நிலம் பறிபோயிற்று; புலவரைப் புரப்பார் இல்லாமற் போயினர். 1831-இல் தொடங்கிய பொதுப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் வந்த பெரும் பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறினர். மாண்டவரிலும் சென்றவரிலும் அயர்லாந்து மொழி பேசும் ஏழைகளே மிகுதி. கப்பலேறிப் பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே பிள்ளைகளுக்குச் சொல்லும் காலம் வந்தது. லயனல் கோமகனின் விதிகளால் இயலாததை வறுமையும் அச்சமும் செய்து முடித்தன. 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அயர்லாந்து மொழியை முதல் ஆட்சிமொழி என்று கூறுகிறது. பெயர்ப் பலகைகளில் எல்லாம் அதைக் காண்கிறோம். ஆயினும் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், பள்ளிக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவதாகச் சொன்னவர் சுமார் 72,000 பேரே. நம் மொழிக் குடும்பத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து 1856-இல் நூல் வெளியிட்ட கால்டுவெல் பிறந்தது அயர்லாந்துத் தீவின் வடபகுதியில்தான் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்கினோம். பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கோபுரமும், ஏழு கண்களையுடைய பெரிய சாளரமும் மட்டும் நிற்கின்றன. மடத்து நிலத்தில் 1710-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மதுவடிக்கும் ஆலை 2013 வரை நடந்தது. அந்த மடத்தைச் சேர்ந்தவர் ஜான் கிளின். ஆண்டுதோறும் நடந்தவற்றை இலத்தீனில் குறித்து வந்த துறவி. பெட்ரோனில்லாவை எரித்ததையும் அவர் குறித்திருக்கிறார்.

1348-இல் கொள்ளைநோய் அயர்லாந்தின் கீழ்க்கடற்கரையில் இறங்கியது. டப்ளினில் மட்டும் ஆகஸ்டு முதல் கிறிஸ்துமசு வரை 14,000 பேர் இறந்தனர் என்று கிளின் எழுதுகிறார். இந்த எண் மிகையாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் தம் ஊரைப் பற்றி அவர் எழுதும் எண்ணில் மிகை இல்லை. கிறிஸ்துமசுக்கும் மார்ச்சு 6-ஆம் நாளுக்கும் இடையே கில்கென்னியில் டொமினிக்கன் துறவிகள் எண்மர் இறந்தனர் என்கிறார். அவர்களை அவர் அறிந்திருப்பார். நோயின் குறிகளையும் எழுதினார்: அக்குளில் கட்டிகள், தாங்க இயலாத தலைவலி, இரத்தம் கக்குதல். நண்பர் சட்டென்று நின்றார். "இவர் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறார். கட்டி வருவது ஒரு வகை. அது தெள்ளுப்பூச்சியால் பரவுவது. இரத்தம் கக்குவது நுரையீரலைத் தாக்கும் வகை. அது மூச்சின் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். மருந்து இல்லாத காலத்தில் இந்த இரண்டாம் வகை வந்தவன் பிழைப்பது அரிது. அருகிலிருந்து பார்த்தவனும் தப்பியிருக்க மாட்டானே!" என்றார்.

தப்பவில்லை. சாவின் நடுவே சாவை எதிர்பார்த்து இருப்பதாகக் கிளின் எழுதினார். எழுத்து எழுதியவனோடு அழிந்துவிடக் கூடாது என்று எண்ணி, ஆதாமின் வழியில் எவரேனும் எஞ்சியிருந்தால் பணியைத் தொடரட்டும் என்று, எழுதாத தோலேடுகளைச் சேர்த்து வைத்தார். பின்னர் வேறொரு கை, நூலாசிரியர் இவ்விடத்தில் இறந்தார் போலும் என்று எழுதிச் சேர்த்தது. மூலச்சுவடி இன்று இல்லை. பிற்காலத்தார் எடுத்த படிகளே உள்ளன. அவர் வைத்த வெற்று ஏடுகளைப் பற்றி நாம் அறிவதும் அப்படிகளால்தான். உலகமே முடிகிறது என்று நம்பிய ஒருவர், அடுத்து எழுதப் போகிறவனுக்குத் தாள் எடுத்து வைத்தார்! நண்பர் அச்சாளரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் தேநீரை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

மாலையில் கேனிஸ் பேராலயத்தை அடைந்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த கற்கோயில். கோயிலின் நடுக்கோபுரம் அதன் நீளத்துக்கு ஏற்ற உயரமின்றிக் குட்டையாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வில்லியம் அவுட்லா தண்டனையாக ஈயத் தகடு வேய்ந்தான் என்றேன் அல்லவா? 1332-இல் பழைய கோபுரம் இடிந்து விழுந்தது. ஈயத்தின் பாரம் தாங்காமலே விழுந்தது என்பர். பணிப்பெண்ணை எரித்துவிட்டுச் செல்வனிடம் வாங்கிய கூரை எட்டாண்டுகூட நிற்கவில்லை.

ஆயர் லெட்ரீடு கீழ்ப்புறச் சாளரத்துக்கு வண்ணக் கண்ணாடி அமைத்தார். அதன் அழகு நாடெங்கும் பேசப்பட்டது. 1642-இல் கத்தோலிக்கர் ஒன்றுகூடிக் கில்கென்னியைத் தலைநகராகக் கொண்டு தனி அரசு போன்ற ஒன்றை அமைத்தனர். 1645-இல் போப்பாண்டவரின் தூதராக வந்த ரினுச்சினி அக்கண்ணாடியைக் கண்டு மயங்கி, 700 பவுன் தருவதாகச் சொல்லியும் ஊரார் கொடுக்க மறுத்தனர். அந்த அரசு உட்பூசலால் சிதைந்தது. 1650-ஆம் ஆண்டு மார்ச்சில் கிராம்வெல் படையுடன் வந்தார். நகருக்குள் அப்போது மீண்டும் கொள்ளைநோய். காவல் வீரர் பெரும்பாலோர் மாண்டிருந்தனர். நகரம் பணிந்தது. கிராம்வெல்லின் வீரர்கள் கோயிற் கூரையைப் பெயர்த்தனர், மணிகளைக் கொண்டு சென்றனர், உள்ளே குதிரைகளைக் கட்டினர், கண்ணாடியைத் தூளாக்கினர். விற்றிருந்தால் ஒருவேளை இத்தாலியில் இன்றும் இருக்கும் என்றேன். "விற்றிருந்தால் விற்றுவிட்டார்களே என்று இன்று நீ வருந்துவாய்" என்றார் நண்பர். மறுமொழி தோன்றவில்லை.

உள்ளே கல்லறைகள் பல. கருங்கல்லில் செதுக்கிய பட்லர் பிரபுவும் அவர் மனைவியும் அருகருகே படுத்திருக்கின்றனர். 1549-இல் இறந்த பர்சல் என்னும் படைத்தலைவரின் கல்லறையில் சமையற் பானையிலிருந்து ஒரு சேவல் எழுந்து நிற்கிறது. ஏசு உயிர்த்தெழுவது இந்தச் சேவல் கூவுவது போலத்தான் நடக்கும் என்று ஒருவன் ஏளனம் செய்ய, வெந்த சேவல் எழுந்து கூவியது என்பது கதை. இவ்வூரின் பழைய பள்ளியில் சிறுவராய்ப் படித்தவர்களுள் கலிவரின் கதையை எழுதிய சுவிப்டு ஒருவர். தத்துவ அறிஞர் பார்க்கிலி மற்றொருவர். இந்தச் சேவலை அவர்களும் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

கோயிலுக்கு அருகில் நிற்கும் வட்டக் கோபுரம் கோயிலுக்கும் முற்பட்டது. நூறு அடி உயரம். அயர்லாந்தில் இத்தகைய கோபுரங்கள் பல உண்டு. ஏறிப் பார்க்கக்கூடியவை மிகச் சிலவே. வாயில் தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. உள்ளே செங்குத்தான மர ஏணிகள். "இது ஓட்டமும் நடையும் அன்று, ஏற்றம். நம் உடன்படிக்கையில் இது இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே நண்பர் எனக்கு முன்னே ஏறினார். உச்சியில் காற்று பலமாக வீசியது. ஒருபுறம் ஆங்கிலேயர் மதில் கட்டி வாழ்ந்த மேட்டு நகரம். சிற்றோடைக்கு இப்பால், கோபுரத்தின் காலடியில், 'அயர்லாந்தியர் நகர்' என்று இன்றும் வழங்கும் பகுதி. இரண்டுக்கும் இடையே சில நூறு அடிகளே. அத்துணை அருகில் வாழ்வோர் ஒருவர் மொழியை ஒருவர் கேளாமல் இருக்க வேண்டும் என்றுதான் 1366-இல் சட்டம் எழுதினார்கள்.

கீழே இறங்கியபோது தெருமுனையில் சிறுவர் நால்வர் வளைந்த மட்டைகளால் பந்தைச் சுவரில் அடித்து விளையாடிக் கொண்டிருந்தனர். 'ஹர்லிங்' என்னும் அந்த ஆட்டத்தின் மாதிரியான ஒன்றையும் கில்கென்னிச் சட்டங்கள் தடுத்தன; அதை விட்டுவிட்டு அம்பு எய்யப் பழகுங்கள் என்றன. அயர்லாந்து முழுவதற்குமான ஹர்லிங் போட்டியில் மற்ற எந்த மாவட்டத்தையும்விட மிகுதியாக, 2015 வரை 36 முறை, வெற்றி பெற்றது கில்கென்னி மாவட்டமே. சிறுவரில் ஒருவன் மட்டையை நண்பரிடம் நீட்டினான். அவர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மூன்று முறை வீசினார். மூன்றாம் முறை பந்து மட்டையில் பட்டது. கடைசி இரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.